பின்னறைச் சுவர்

பதினேழு வருஷம் ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தும், இது ஒழுகுகிறது, அது உடைந்திருக்கிறது என்று ஒருநாள்கூட வீட்டுக்காரர்கள் வாசலில் போய் நின்றவர் இல்லை பெயிண்டர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேலை செய்கிற இடங்களில் சாரத்துக்கடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, கூட வேலை செய்கிறவர்கள் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டித் தீர்ப்பார்கள். இவர் டம்ளரை ஊதிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரம்மாவுக்கு நான் இருக்கறதே தெரியாது" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். அது எவ்வளவு பரிதாபமான பேச்சு என்பது சொன்னவருக்கும் உறைக்கவில்லை, கேட்டவர்களுக்கும் உறைக்கவில்லை.

வீடு ஒன்றும் மாளிகை இல்லை. மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. முன்னறை, ஒரு ஆள் திரும்பினால் இடிக்கிற சமையலறை, கட்டில் போட்டிருக்கும் பின்னறை, அவ்வளவுதான். மாடியில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். அவருடைய குளியலறை சரியாகப் பின்னறைக்கு மேலே வரும். அதன் குழாய் சுவருக்குள்ளேயே இறங்கித் தெருச் சாக்கடைக்குப் போகிறது.

பெயிண்டரின் மனைவி உயிரோடு இருந்தபோதே அந்தச் சுவரில் ஓதம் தலைகாட்டிவிட்டது. கட்டிலின் தலைமாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மேலே தண்ணீர் விட்டால் இங்கே கறை கறுக்கும். குழாய் எங்கோ கசிகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

"மேல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. ஒரு செவுத்துக்காகப் போய் நின்னா, இவன் ஒருத்தன் கீழ இருக்கான், இவனுக்கு வாடகை ஏத்தி நாலு வருஷமாச்சுன்னு அவங்களுக்கு ஞாபகம் வரும். செவுரு என் தொழிலு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல், வெயில் நன்றாக ஏறிய பிறகு, இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் தங்கிவிடுவார். கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போடுவார். உப்புப் பூத்து உப்பியிருக்கும் பெயிண்டைப் பட்டித் தகட்டால் சுரண்டினால், பொலபொலவென்று பை நிறைய உதிரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜன்னலைத் திறந்து போட்டு, மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி ஒரு பகல் முழுக்கக் காயவிடுவார். பிறகு பள்ளம் அடைப்பது, இரண்டு கை பட்டி இழுப்பது, உப்புத்தாள் போட்டு விரலில் சொரசொரப்பே தட்டாமல் தேய்ப்பது, பிரைமர், அதன்மேல் இரண்டு கோட்டிங். பழைய சுவரின் நிறம் வெயில்பட்டு மங்கியிருக்குமே, அந்த மங்கலையும் சேர்த்துக் கலந்துவிடுவார். புதுப்பூச்சு எங்கே முடிகிறது, பழசு எங்கே தொடங்குகிறது என்று அவராலேயே சொல்ல முடியாது.

உண்மையைச் சொன்னால், வருஷத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று நாள்தான். மற்ற நாளெல்லாம் பிறத்தியார் வீட்டுச் சுவர். காலையில் ரொட்டியும் முட்டையும், மதியம் கட்டிக்கொண்டு போன சோறு, சாயங்காலம் வந்து கைகாலில் இருக்கும் பெயிண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, யாரோடும் பேச ஒன்றும் இல்லாமல் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேம்மா."

"உடம்பு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லாருக்கு."

இதை முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. முன்பெல்லாம் லீவு கிடைத்தால் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவாள். மூன்று வருஷமாக அதுவும் இல்லை. காலையில் வந்தால் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவாள், அதுவும் அத்தி பூத்தாற்போல. அம்மா இருந்த வீடு, அம்மா இல்லாமல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பெயிண்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்கவில்லை. கேட்கிற வழக்கம்தான் அவருக்கு இல்லையே.

போன வருஷம் வீட்டுக்காரம்மா காலமானார். வெளியூரில் இருந்த அவருடைய மகன் வந்து எல்லாக் காரியமும் பார்த்துவிட்டுப் போனார். ஆறு மாசம் கழித்து, மேலே இன்னொரு மாடி எழுப்பினால் தாங்குமா என்று பார்க்க ஒரு என்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வருகிறோம் என்று சொல்லி அனுப்பவில்லை. பெயிண்டர் வீட்டில் இருந்தது தற்செயல். கதவைத் திறந்து, ஓடிப்போய் இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

என்ஜினீயர் உட்காரவில்லை. பின்னறைக்குள் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று வந்த சத்தம் கட்டில் தலைமாட்டுக்கு வந்ததும் டொப்பென்றது. அவர் நின்றார்.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தாங்க."

"கைவேலை ரொம்பச் சுத்தம். தட்டிப் பாக்கலைன்னா நான் நல்ல செவுருன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

பெயிண்டருக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்துகூடப் போயிற்று. என்ஜினீயர் பையிலிருந்து திருப்புளியை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்து ஊறிக் கிடந்தது. மேலே போகிற உத்திரத்தில் கம்பி துருப்பிடித்து, ஏடு ஏடாகக் கையோடு வந்தது.

மகன் கிட்டே வந்து அந்தத் துருவைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. "எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

இந்த வருஷம்தான் தம்பி, என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சுவரைப் பற்றிக் கேட்டால் பெயிண்டருக்குப் பொய் வராது.

"ஒரு பத்து வருஷத்துக்கு மேல இருக்கும், தம்பி."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க. எதுக்குத் தொந்தரவு குடுக்கணும்னு..."

மகன் என்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்து நாளில் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. வாடகைக்காரர் சுவரில் ஆணி அடித்தும், தண்ணீர் புழங்கியும் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்து, அதை மறைத்தும் இருக்கிறார். ஒப்பந்தப்படி சேதத்தைத் தெரிவிக்க வேண்டியவர் தெரிவிக்கவில்லை. முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முன்பணம் திரும்பக் கிடைக்காது. பெயிண்டர் மூன்று தடவை படித்தார். மறைத்தும் என்ற வார்த்தையில் மூன்று தடவையும் நின்றார்.

மறுநாளே வீடு தேடக் கிளம்பினார். வீட்டுத் தரகர் கடையில் முதல் கேள்வியே, "எத்தனை பேரு?" என்பதுதான்.

"ஒருத்தர்தான்."

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

தரகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. ஒண்டிக்கட்டை, அதுலயும் இந்த வயசு. திடீர்னு ராத்திரி நெஞ்ச வலிச்சாக் கதவத் திறக்கக்கூட ஆள் இல்ல. வீட்டுக்காரங்க அதத்தான் மொதல்ல கேக்கறாங்க. வாடகை ரெண்டாம்பட்சம்."

அன்றைக்கு அவர் நாலு தெரு சுற்றி நடந்தேதான் வீட்டுக்கு வந்தார். பயமாக இருந்தது. இந்த வயசில் எங்கே போய் நிற்பது என்ற நினைப்பில், சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டார்.

அப்போது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த வீட்டின் அம்மாதான் அவருடைய முகவாட்டத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டு, வாடகை வழக்குகளைப் பார்க்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது, அங்கே இலவசமாக யோசனை சொல்ல ஒரு மேசை போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். பெயிண்டர் வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு, ஒப்பந்தப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மேசையில் இருந்த பெண் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பத்திரத்தைப் புரட்டினார்.

"மூணு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒரு தடவையாவது படிச்சீங்களா ஐயா?"

"எங்க போடணும்னு விரல வச்சுக் காட்டுவாங்க. போட்டுருவேன்."

"சரியாப் போச்சு. இப்ப நான் படிக்கறேன், கேளுங்க. செவுரு, கூரை, உத்திரம், செவுத்துக்குள்ள போற குழாய், சாக்கடை, இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்பு மாத்தறது, குழாய்க்கு வாஷர் போடறது, வீட்டச் சுத்தமா வச்சுக்கறது உங்க பொறுப்பு. அவர் வீட்டுக்குள்ள வரணும்னா ஒருநாள் முன்னாடி சொல்லிட்டுத்தான் வரணும். சொல்லிட்டு வந்தாரா?"

"அவங்க வீடு, அவங்க வர்றாங்க. இதுல நான் என்னத்தக் கேக்கறது?"

"வாடகை குடுக்கறவரைக்கும் அது உங்க வீடு ஐயா. அதோட, ஒரு கடிதம் போட்டதுனால வீடு காலி ஆயிடாது. இங்க வந்து உத்தரவு வாங்கணும். அதுக்கு நடுவுல தண்ணிய நிறுத்தறது, கரண்ட்ட நிறுத்தறது ஒண்ணும் கூடாது."

பதினேழு வருஷமாகத் தன் பெட்டிக்குள்ளேயே இவ்வளவு இருந்ததா என்று பெயிண்டருக்கு வியப்பாக இருந்தது. அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப நிமிராதீங்க" என்றார் அந்தப் பெண். "ஏழாவது பத்தி. கட்டடத்துல எந்தக் குறை கண்ணுல பட்டாலும் பதினஞ்சு நாளைக்குள்ள எழுத்துல தெரிவிக்கணும். உரிமை மட்டும் இல்ல, கடமையும் உங்களுதுதான். ஏன் சொல்லல?"

"யாருக்கும் பாரமா இருக்க வேணாம்னு நெனச்சேன்."

"இப்ப உத்திரமே போச்சே. அது பாரம் இல்லையா?"

அவர் பிளாஸ்டிக் பையை மடித்து மடித்து வைத்தார். அந்தப் பெண்ணே குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "சரி. நீங்க தண்ணி புழங்கி வந்த ஓதம் இல்ல, மேல குழாயிலேருந்து வர்றதுன்னு கண்ணால பாத்த ஆளு வேணும். இந்தப் பத்து வருஷத்துல உங்க வீட்டுக்குள்ள வந்தவங்க பேரு சொல்லுங்க. யாரா இருந்தாலும் பரவால்ல."

பெயிண்டர் யோசித்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வாசலோடு சரி. மீட்டர் பார்க்கிறவருக்கு வீட்டுக்குள் வேலையில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தெருமுனையில் நின்று கூப்பிடுவார்கள். எத்தனையோ வீடுகளில் படுக்கையறை வரை போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தவர் அவர். அவருடைய வீட்டுக்குள் யார் வந்தார்கள்? யோசிக்க யோசிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"யாரும் வந்ததில்லீங்க" என்றார். "எங்க வீட்டுல அவ போனப்ப வந்தாங்களே, அதோட சரி. அன்னைக்கு யாரும் செவுத்தப் பாத்திருக்க மாட்டாங்க."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். "பிள்ளைங்க?"

"பொண்ணு இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு நாள் தங்குனா."

"அவங்கள வரச் சொல்லுங்க."

இந்த மூன்று வார்த்தைதான் அவருக்கு மலையாக இருந்தது. மகளுக்கு வேலை, புருஷன், குழந்தை. போய் வர ஒருநாள் லீவு போட வேண்டும். நிறம் காட்டுகிற அட்டையின் பின்பக்கத்தில், என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டார். புதன்கிழமை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். வியாழக்கிழமையும் அதே கதை. வெள்ளிக்கிழமை அவர் வைப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே?"

அட்டையில் எழுதியிருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "ஒரு உதவி வேணும்மா" என்றார்.

அப்பா இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. "உடம்புக்கு என்னப்பா?" என்றாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. செவுருதான்."

காலி செய்ய உத்தரவு கேட்டு வீட்டுக்காரம்மாவின் மகன் அந்த அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார். விசாரணை அன்று மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அலுவலகத்துக்கே வந்தாள். நீளமான அறை, நடுவில் மேசை. அதிகாரி ஒரு பக்கம், வீட்டுக்காரம்மாவின் மகன் ஒரு பக்கம், பெயிண்டர் ஒரு பக்கம். மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் மேசையின் ஓரத்தில் நின்றாள்.

"நீங்க அந்தச் செவுத்தப் பாத்திருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

"பாத்திருக்கேன் சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி மழைக்காலத்துல அந்த ரூம்லதான் படுத்திருந்தேன். காலைல மேல அந்த அம்மா குளிக்கற சத்தம் கேக்கும். கொஞ்ச நேரத்துல செவுரு தலைமாட்டுல நனைஞ்சுரும். தொட்டா கைல ஈரம் ஒட்டும். ரெண்டு நாளும் பாத்தேன்."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"மேல போய் சொல்லுப்பான்னு சொன்னேன். நான் பாத்துக்கறேன்னாரு. எங்கம்மாகிட்டயும் இப்படித்தான் சொல்லுவாரு. அடுத்த தடவை வந்தப்ப பளபளன்னு பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாரு. எனக்குக் காட்டக்கூடக் காட்டினாரு, எப்படி இருக்குன்னு."

வீட்டுக்காரம்மாவின் மகன் குறுக்கிட்டார். "ரெண்டு நாள் தங்கினவங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடி பாத்தத இவ்வளவு திட்டமா எப்படிச் சொல்ல முடியும்?"

அவள் அப்பாவைப் பார்க்காமல் அதிகாரியையே பார்த்துச் சொன்னாள். "எனக்கு இழுப்பு உண்டு சார். ஓதம் ஆகாது. ரெண்டாம் நாள் விடியக்காலைல மூச்சே விட முடியல. அப்பா வேலைக்குக் கிளம்பினதும் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்துப் புகை பிடிச்சுட்டுத்தான் ஊருக்குப் போனேன். அவருகிட்ட சொல்லல. அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுல தங்கறதில்ல. புள்ளைக்கும் அதே இழுப்பு. அதனால அவனையும் கூட்டிட்டு வர்றதில்ல."

பெயிண்டர் மேசையில் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி எழுதினார். பிறகு நடந்ததெல்லாம், குழாய்க்காரர் அறிக்கை, என்ஜினீயர் அறிக்கை, எதுவும் பெயிண்டரின் காதில் சரியாக விழவில்லை. வருஷா வருஷம் ஆசையாகப் பூசி மூடினாரே, அது மகளை வரவிடாமல் அடித்த பூச்சு. நெஞ்சுக்குள் அது ஒன்றுதான் சுற்றிச் சுற்றி வந்தது.

உத்தரவு மதியத்துக்குள் வந்துவிட்டது. குழாயும் உத்திரமும் சுவரும் வீட்டுக்காரர் சரிசெய்து தர வேண்டும். வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. தெரிவிக்காமல் இருந்தது வாடகைக்காரரின் தவறு என்பதால் பூச்சு வேலையும் அதற்கு மேலான வேலையும் அவர் தன் கையால் செய்து தர வேண்டும். இனி எந்தக் குறையானாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெயிண்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரம்மாவின் மகன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா உடனே செஞ்சிருப்பாங்க. கீழ ஆள் இருக்காங்களான்னே தெரியல, சத்தமே இல்ல, யாராவது படியேறி வந்தா நல்லாருக்கும்னு போன்ல சொல்லிட்டே இருப்பாங்க. அவங்களும் தனியாத்தானே இருந்தாங்க."

"தெரியாமப் போச்சு தம்பி" என்றார் பெயிண்டர்.

அப்பாவும் மகளும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். அவர் கீழே, ஜன்னலுக்கு நேராக நின்றார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான். பெயிண்ட் அடிச்சுட்டு அவ்வளவு சந்தோஷமாக் காட்டினியே."

"அம்மா இல்லாத வீடு உனக்குப் புடிக்கலையோன்னு நெனச்சேன்."

"புடிக்காம என்ன. எனக்கிருக்கற பொறந்த வீடு அதுதானேப்பா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடலையேன்னு எனக்கும்தான் இருந்துச்சு. நாங்க வந்தா உனக்குத் தொந்தரவோன்னு நெனச்சுக்கிட்டேன்."

டிரைவர் ஏறிக் கதவைச் சாத்தினார். பெயிண்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார்.

"தனியா இருக்க முடியலம்மா. ரொம்பக் கஷ்டமா இருக்கு."

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவருடைய கைமேல் வைத்தாள்.

"பூச்சு முடிச்சாக் காய இருபத்தெட்டு நாளாகும்" என்றார் அவர், அவசர அவசரமாக. "அதுக்கப்புறம் ஓதம் ஒரு சொட்டு இருக்காது. பிரைமர் அடிச்சு, நல்ல கம்பெனி பெயிண்ட்டா ரெண்டு கோட்டிங் குடுத்து வைக்கறேன். பேரனையும் கூட்டிட்டு வந்து நாலு நாள் இருக்கியா?"

"வர்றேன்பா. ஆனா..." அவள் தயங்கினாள். பிறகு சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவள்போல அவரை நேராகப் பார்த்தாள். "புதுப் பெயிண்ட் வாசனை எனக்கும் ஆகாது, அவனுக்கும் ஆகாது. மாசக்கணக்கா இருக்கும் அந்த வாசனை. உன் தொழிலாச்சே, எப்படிச் சொல்றதுன்னுதான் சின்ன வயசுலேருந்து சொன்னதில்ல."

பஸ் நகர ஆரம்பித்தது. பெயிண்டர் கம்பியை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தார்.

"அப்ப பெயிண்ட் அடிக்கல" என்றார். "வெறும் செவுராவே விட்டுர்றேன். நீ வா."